தூங்கும் கிருமிக்கு எதற்கு மாத்திரை?

கேள்வி: டாக்டரம்மா, வணக்கம். நான் தென்னாப்பிரிக்காவில், டர்பன் பீனிக்ஸில் இருக்கிறேன். வயது 46. பிறந்த ஊர் தஞ்சாவூர் பக்கம், கல்யாணமாகி இங்கே வந்து 24 வருஷம் ஆகிறது. வீட்டில் சமோசா மடித்துக் கடைகளுக்குக் கொடுக்கிறேன். ஆறு வருஷமாக ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் என்ற முடக்குவாதம். மெத்தோட்ரெக்சேட்டும் பிரெட்னிசோன் என்ற ஸ்டீராய்டும் சாப்பிட்டும், காலையில் விரல் மடங்க இரண்டு மணி நேரம் ஆகிறது. இப்போது எதிர்ப்பாற்றலைத் தணிக்கும் அடாலிமுமாப் என்ற ஊசி போடலாம் என்கிறார்கள். அதற்கு முன்னால் முன்கையில் டிபி டெஸ்ட் ஊசி போட்டுப் பார்த்ததில் 16 மில்லிமீட்டர் தடித்தது. எக்ஸ்ரே சுத்தமாக இருக்கிறது. ஆனாலும் "கிருமி உள்ளே தூங்குது" என்று சொல்லி, வாரம் ஒரு நாள் வீதம் 12 வாரத்துக்கு மாத்திரை எழுதியிருக்கிறார்கள். எனக்கு இருமல் இல்லை, சளி இல்லை. இல்லாத நோய்க்கு எதற்கு மருந்து? 2009-இல் மாமனார் எங்கள் வீட்டிலேயே டிபியில் இறந்தார். இப்போது என் டெஸ்ட் முடிவைக் கேட்டதிலிருந்து மாமியார் என் டம்ளரைத் தனியாக எடுத்து வைத்துவிட்டார். கொழுந்தனாரோ, "உலகமே இம்யூனிட்டியைக் கூட்டச் சொல்லுது, உங்க டாக்டர் குறைக்கச் சொல்றாரா?" என்று கேட்டு, சீந்தில் பொடி வாங்கி வந்து வைத்திருக்கிறார். நான் யார் பேச்சைக் கேட்பது?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அந்த டம்ளர். அதை இன்றைக்கே பழைய இடத்தில் வைக்கச் சொல்லுங்கள். தூங்குகிற காசநோய்க் கிருமி உங்களிடமிருந்து யாருக்கும் போகாது. அது மூச்சிலும் இல்லை, எச்சிலிலும் இல்லை. இருமலில் கிருமி வெளியேறும் நோயாளியிடமிருந்துகூட, அது காற்றின் வழியாகப் பரவுமே தவிர டம்ளர், தட்டு வழியாக அல்ல. நம் சென்னையில்தான் 1950களின் கடைசியில் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. நோயாளிகளில் பாதிப் பேரைச் சானடோரியத்தில் வைத்தும், மீதிப் பேரை அவரவர் வீட்டிலேயே வைத்தும் ஒரே மருந்தைக் கொடுத்தார்கள். வீட்டில் இருந்தவர்களும் நன்றாகவே குணமானார்கள். அவர்களோடு ஒரே கூரையின் கீழ் இருந்தவர்களுக்கு அதனால் கூடுதலாக நோய் வரவில்லை. காசநோயாளியைக் குடும்பத்திலிருந்து பிரிக்க வேண்டாம் என்று உலகத்துக்குச் சொன்னது மதராஸ். உங்களுக்கோ நோயே இல்லை. உங்கள் மாமியார் மேல் கோபப்படாதீர்கள். கணவரை அந்த நோயில் பறிகொடுத்தவரின் பயம் அது. ஆனால் அந்தப் பயத்துக்கு நீங்கள் தனியாகத் தண்ணீர் குடிக்க வேண்டியதில்லை.

இப்போது "இல்லாத நோய்க்கு எதற்கு மருந்து" என்ற கேள்விக்கு வருகிறேன். இதற்குப் பதில் சொல்ல ஒரு புரதத்தைப் பற்றிப் பேச வேண்டும். உங்கள் விரலை வீங்க வைப்பது அதுதான். உங்கள் நுரையீரலில் அந்தக் கிருமியை எழவிடாமல் வைத்திருப்பதும் அதேதான். இதை யாராவது உங்களிடம் உட்கார்ந்து சொல்லியிருந்தால் இந்தக் கடிதமே வந்திருக்காது.

மதுரையில் நான் மருத்துவம் படித்த காலத்தில், நோய்க்கூறியல் வகுப்பில் காசநோய் பிடித்த நுரையீரலின் ஒரு மெல்லிய சீவலை மைக்ராஸ்கோப்பின் கீழ் வைத்தார்கள். ரோஜா நிறத்தில் வட்டமாக ஒரு திட்டு. நடுவில் பால்கட்டி உதிர்ந்தது போல உருவமில்லாத ஒரு குழைவு. அதைச் சுற்றி, கிருமியை விழுங்கும் மேக்ரோஃபேஜ் செல்கள் தோளோடு தோள் ஒட்டி நின்றன. சில செல்கள் ஒன்றோடொன்று கலந்து பெரிய செல்லாகி, அவற்றின் உட்கருக்கள் குதிரை லாடம் போல வளைந்து கிடந்தன. வெளி ஓரத்தில் நீலப் பொட்டு வைத்தாற்போல லிம்போசைட்டுகள் என்ற வெள்ளை அணுக்கள். இதற்குப் பெயர் கிரானுலோமா. கிருமியைக் கொல்ல முடியாதபோது உடம்பு அதைச் சுற்றி வளைத்துச் சிறை வைக்கிறது. எக்ஸ்ரேயில் தெரியாத அளவு சிறிய சிறைகளும் உண்டு. அப்படி ஒன்று உங்களுக்குள் இருக்கலாம் என்பதைத்தான் முன்கையில் தடித்த அந்த 16 மில்லிமீட்டர் சொல்கிறது. சிவப்பை விட்டுவிட்டு, தொட்டால் கெட்டியாக இருக்கும் பகுதியைத்தான் கையின் குறுக்கே அளப்பார்கள். உங்களைப் போல எதிர்ப்பாற்றலைத் தணிக்கும் மருந்து சாப்பிடுபவர்களுக்கு 5 மில்லிமீட்டரே போதும். சின்ன வயதில் காசநோய்க்கு எதிராகப் போட்ட பிசிஜி தடுப்பூசியாலும் தடிக்கலாமே என்று கேட்பீர்கள். தடிக்கலாம். ஆனால் ஒரே வீட்டில் மாமனாருக்கு நோய் இருந்திருக்கிறது, தடிப்பும் 16. நானாக இருந்தாலும் மாத்திரை எழுதியிருப்பேன்.

அந்தச் சிறை செங்கல் வைத்துக் கட்டிய சுவர் அல்ல. உயிருள்ள செல்கள் நாள்தோறும் நின்று காக்கும் காவல். அவை ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பிக்கொண்டே இருந்தால்தான் இடம் பெயராமல் நிற்கும். அந்தச் செய்திகளில் முதன்மையானது டியூமர் நெக்ரோசிஸ் ஃபேக்டர் என்ற புரதம், சுருக்கமாக டிஎன்எஃப். கட்டியை அழுகச் செய்யும் காரணி என்று பொருள். 1975-இல் நியூயார்க்கில் லாயிட் ஓல்டின் குழு எலிகளில் இதைக் கண்டபோது, அது கட்டிகளைக் கருகச் செய்ததால் அந்தப் பெயரை வைத்தது. பெயர் ஒட்டிக்கொண்டதே தவிர, அதன் முதல் வேலை அது அல்ல. கிருமி நுழைந்ததும் "இங்கே வா, இங்கேயே நில், விழுங்கியதை உள்ளேயே கொல்" என்று செல்களுக்குச் சொல்வதே அதன் வேலை. 1995-இல் எலிகளில் இந்தச் செய்தியைத் துண்டித்துப் பார்த்தார்கள். கிரானுலோமா ஒழுங்காக உருவாகவில்லை, காசநோய் எலிகளைக் கொன்றது.

உங்கள் விரல் மூட்டுக்குள் இதே டிஎன்எஃப் தேவையில்லாமல் பேசிக்கொண்டே இருக்கிறது. அங்கே கிருமி எதுவும் கிடையாது. ஆனாலும் "வா, நில், தாக்கு" என்ற செய்தி ஓயவில்லை. மூட்டின் உள்சவ்வு தடிக்கிறது, நீர் கோக்கிறது, விடியற்காலையில் விரல் விறைத்துப் போய்ச் சமோசாப் பட்டையின் ஓரத்தைப் பிடிக்க வராது. லண்டனில் மார்க் ஃபெல்ட்மனும், லூதியானாவில் பிறந்த ரவீந்தர் மைனியும், இந்த மூட்டுக்குள் நடமாடும் பல செய்திப் புரதங்களில் டிஎன்எஃப்பை நிறுத்தினால் மற்றவையும் அடங்குகின்றன என்பதைக் கண்டார்கள். 1992-இல், வேறு மருந்து எதற்கும் அடங்காத 20 நோயாளிகளுக்கு டிஎன்எஃப்பைப் பிடித்துக் கட்டும் எதிர்ப்புரதத்தை ரத்தக் குழாய் வழியே ஏற்றினார்கள். வலியும் வீக்கமும் சில நாட்களிலேயே குறைந்தன. நான் படிக்கும்போது இந்த நோய் முற்றிய கைகளைப் பார்த்துக் கண்ணீரை அடக்கிக்கொண்டு நின்றிருக்கிறேன். விரல்கள் சுண்டு விரல் பக்கம் சாய்ந்து, சோற்றுப் பருக்கையை எடுக்க முடியாத கைகள். அப்படிப்பட்ட கைகள் இன்று என் கிளினிக்கில் குறைந்துவிட்டன என்றால், அந்த 20 பேரிலிருந்து தொடங்கியது அது. உங்களுக்கு எழுதியிருக்கும் அடாலிமுமாப்பும் அதே வழி வந்த மருந்துதான்.

ஆனால் ஊசிக்கு மூட்டு எது, நுரையீரல் எது என்று தெரியாது. ரத்தத்தில் போகும் இடமெல்லாம் டிஎன்எஃப்பைக் கட்டிப்போடும். நுரையீரலில் சிறையைக் காக்கும் செல்களுக்கும் செய்தி நின்றுபோகும். இது ஏட்டுப் பயம் அல்ல. இந்த வகையின் முதல் மருந்தான இன்ஃப்ளிக்சிமாப் சந்தைக்கு வந்த சில ஆண்டுகளில், 2001-இல், அமெரிக்காவில் வெளியான அறிக்கை ஒன்றில் அந்த ஊசிக்குப் பின் காசநோய் கண்ட 70 பேரின் விவரம் இருந்தது. பாதிப் பேருக்கு ஊசி தொடங்கிய 12 வாரத்துக்குள்ளேயே நோய் வந்துவிட்டது. 40 பேருக்கு அது நுரையீரலுக்கு வெளியே வந்திருந்தது. இந்தக் கடைசி வரியை மறந்துவிடாதீர்கள், திரும்ப வருகிறேன்.

அப்படி ஒருவரை நானே பார்த்திருக்கிறேன். வேறோர் இடத்தில் பரிசோதனை செய்யாமலே ஊசியைத் தொடங்கியிருந்தார்கள். மூன்றாம் மாதம் என்னிடம் வந்தார். மூட்டு அருமையாக இருந்தது, ஏறி இறங்கி நடந்து காட்டினார். ஆனால் மாலையானால் காய்ச்சல், இரவில் சட்டை நனையும் வியர்வை, பெல்ட்டில் புதிதாக இரண்டு ஓட்டை போட்டிருந்தார். இருமல் ஒரு தடவைகூட இல்லை. அதனாலேயே யாருக்கும் சந்தேகம் வரவில்லை. வயிற்றில் நீர் கோத்திருந்தது. காசநோய் வயிற்றுச் சவ்வில் இருந்தது. பிழைத்துக்கொண்டார். ஆனால் அந்த ஆறு மாதச் சிகிச்சையையும் மனைவி பட்ட பாட்டையும் ஒரு முன்கை ஊசி தவிர்த்திருக்கும்.

இது தவிர்க்கக்கூடியது என்பதற்கு ஸ்பெயின் சாட்சி. 2002-இல் அங்கே இந்த ஊசிக்கு முன் எல்லாரையும் பரிசோதித்து, தூங்கும் கிருமி இருப்பவர்களுக்கு முதலில் மாத்திரை கொடுக்கத் தொடங்கினார்கள். ஊசி போட்டவர்களிடம் காசநோய் நான்கில் மூன்று பங்குக்கு மேல் குறைந்தது. ஸ்பெயினைவிட நம் தென்னாப்பிரிக்காவில் காசநோய் பல மடங்கு அதிகம். காசநோய்ச் சுமை மிகுந்த 30 நாடுகள் என்று உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் பட்டியலில் நாமும் இருக்கிறோம். அங்கே அவசியமானது இங்கே எவ்வளவு அவசியம் என்று நினைத்துப் பாருங்கள்.

உங்கள் கொழுந்தனாருக்கு இனி பதில். அவர் அக்கறையோடுதான் சொல்கிறார். ஆனால் எதிர்ப்பாற்றல் என்பது பானைத் தண்ணீர் போல, கூட்டினால் நல்லது, குறைந்தால் கெட்டது என்று அளக்கும் பொருள் அல்ல. அது செல்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் பேச்சு. எந்த இடத்தில், யாரிடம், எவ்வளவு நேரம் பேசுகிறது என்பதில்தான் நன்மையும் தீமையும் இருக்கிறது. டிஎன்எஃப் தனி ஆளும் அல்ல. மனித உடம்பில் அதற்கு 18 பங்காளிகள், மொத்தம் 19 பேர் கொண்ட குடும்பம். உருவத்தில் ஒரே சாடை, பார்க்கும் வேலை வெவ்வேறு.

காசநோய்க்கு நம் பாட்டிமார் வைத்த பெயர் எலும்புருக்கி நோய். அந்தப் பெயரை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் குடும்பம் நினைவுக்கு வரும். நோயாளி உருகிப் போவதற்குக் கிருமி மட்டும் காரணம் அல்ல. 1980களில் அந்தோணி செராமியும் புரூஸ் பாய்ட்லரும், நாள்பட்ட தொற்றில் உடம்பை உருக்கும் பொருளைத் தேடி அதற்குக் கேக்கெக்டின் என்று பெயர் வைத்தார்கள். 1985-இல் பார்த்தால் அது டிஎன்எஃப்பேதான். கிருமியைச் சிறை வைக்கும் அதே புரதம், அளவுக்கு மீறி நாள்கணக்கில் சுரந்தால் தசையை உருக்குகிறது. உங்கள் மாமனார் கடைசியில் எலும்பும் தோலுமாக இருந்திருப்பார். அதில் அவருடைய சொந்த எதிர்ப்பாற்றலின் பங்கும் இருந்தது.

நிஜமாகவே எலும்பை உருக்கும் பங்காளி ஒருவரும் உண்டு. ராங்க்-எல் என்று பெயர். பழைய எலும்பை அரித்தெடுத்துப் புதியதற்கு இடம் விடச் சொல்வது அதன் வேலை. அது இல்லாவிட்டால் எலும்பு ஒழுங்காக அமையாது. ஆனால் உங்கள் போன்ற மூட்டில் அதன் குரல் ஓங்கும்போது எலும்பின் ஓரம் எலி கடித்தாற்போல அரிக்கிறது. மாதவிடாய் நின்ற பெண்களின் எலும்புத் தேய்வுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் டெனோசுமாப் ஊசி இதைத்தான் தடுக்கிறது. பாஃப் என்ற இன்னொருவர் எதிர்ப்புரதம் தயாரிக்கும் பி செல்களை வாழவைப்பவர். அவர் மிஞ்சினால், எதிர்ப்பாற்றல் சொந்த உடம்பையே தாக்கும் லூபஸ் நோய்க்குத் துணை போகிறார். 2011 முதல் அவரைக் கட்டிப்போடவும் ஓர் ஊசி இருக்கிறது. சிடி40 லிகாண்ட் என்ற பங்காளி பிறவியிலேயே பழுதானால், அந்த ஆண் குழந்தை அடுத்தடுத்துத் தொற்றில் விழும். ஆகவே ஒருவர் மிஞ்சினாலும் நோய், ஒருவர் இல்லாவிட்டாலும் நோய்.

டிஎன்எஃப்பைத் தடுத்தால் மூட்டுக்கு நல்லது என்பதால் எல்லா அழற்சிக்கும் நல்லது என்று நினைத்தவர்களும் ஏமாந்தார்கள். நரம்பின் மேலுறையைக் கெடுக்கும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது நோய் கூடியது. முற்றிய இதயச் செயலிழப்பிலும் உதவவில்லை, சிலருக்குக் கெடுதலே செய்தது. அதனால்தான் உங்கள் டாக்டர் ஊசிக்கு முன் இத்தனை கேள்வி கேட்கிறார். ஹெபடைட்டிஸ் பி, எச்ஐவி பரிசோதனைக்கும் எழுதியிருப்பார். அதைச் சந்தேகமாக எடுத்துக்கொள்ளாதீர்கள், எல்லாருக்கும் எழுதுவதுதான்.

சீந்தில் பொடியைத் திறக்கவே வேண்டாம். அது எதிர்ப்பாற்றலைத் தூண்டும் என்றே வைத்துக்கொள்வோம். தூண்டப்பட்டு ஏற்கெனவே தறிகெட்டு ஓடுவதுதானே உங்கள் நோய்? அதைவிட எனக்குப் பெரிய கவலை கல்லீரல். சீந்தில் குடித்தவர்களுக்குக் கல்லீரல் அழற்சி வந்ததை மும்பை மருத்துவர்கள் 2021-இல் பதிவு செய்திருக்கிறார்கள். மெத்தோட்ரெக்சேட்டும் கல்லீரலைப் பாதிக்கலாம், காசநோய்த் தடுப்பு மாத்திரையும் கல்லீரலைப் பாதிக்கலாம். மூன்றாவதாக ஒன்றை அதன் மேல் ஏற்றாதீர்கள். சமையலில் போடும் மஞ்சள், மிளகு, இஞ்சிக்கெல்லாம் தடை இல்லை.

இனி மாத்திரை விஷயம். வாரம் ஒரு நாள், 12 வாரம் என்பதால் ஐசோநயாசிடும் ரிஃபாபென்டினும் சேர்ந்த மருந்தாக இருக்கும். உங்களிடம் இப்போது வாரம் ஒரு நாள் சாப்பிடும் மருந்து இரண்டு ஆகிவிட்டது. இங்கேதான் தப்பு நடக்கும். மெத்தோட்ரெக்சேட்டைத் தவறுதலாகத் தினமும் சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்து. இரண்டுக்கும் வேறு வேறு கிழமை வையுங்கள், காலண்டரில் வேறு வேறு நிறத்தில் வட்டம் போடுங்கள். ரிஃபாபென்டின் சாப்பாட்டோடு எடுக்க வேண்டியது, அதனால் வெள்ளிக்கிழமை விரதம் இருப்பவரானால் அந்தக் கிழமையைத் தேர்ந்தெடுக்காதீர்கள். சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போகும், பயப்பட வேண்டாம். வைட்டமின் பி6 சேர்த்துக் கொடுப்பார்கள், அது கால் நரம்பு எரிச்சலைத் தடுக்க. டின் மீன் குழம்பு, சூரை மீன் சாப்பிட்ட பிறகு முகம் சிவந்து படபடப்பு வந்தால் அது ஐசோநயாசிடின் வேலை, மாத்திரை முடியும்வரை அவற்றை ஒதுக்கிவையுங்கள். இந்த மருந்து பிரெட்னிசோனின் வேகத்தைக் குறைக்கும் என்பதால் சில வாரம் மூட்டு வலி கூடலாம். அப்போது நீங்களாகவே ஸ்டீராய்டைக் கூட்டாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். கருத்தடை மாத்திரை, சர்க்கரை மாத்திரை எதுவும் சாப்பிட்டால் அதையும் முன்கூட்டியே சொல்ல வேண்டும். பசியே இல்லாமல் போவது, வாந்தி, கண் மஞ்சள், இவற்றில் எது வந்தாலும் அடுத்த வாரத்து மாத்திரையைப் போடாமல் டாக்டரிடம் ஓடுங்கள்.

குறைந்தது ஒரு மாதம் மாத்திரை சாப்பிட்ட பிறகே ஊசியைத் தொடங்குவது வழக்கம். அதன்பின் இரண்டு வாரத்துக்கு ஒன்று. ஃப்ரிட்ஜில் 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும், ஃப்ரீஸரில் கூடாது. லோட் ஷெட்டிங் என்று மின்வெட்டு வந்தால், கதவைத் திறக்காமல் இருந்தால் சில மணி நேரம் தாங்கும். அசல் அடாலிமுமாப்பை 25 டிகிரிக்கு மேற்படாத இடத்தில் 14 நாள் வரை வெளியே வைக்கலாம் என்று இருக்கிறது, ஆனால் பிப்ரவரி மாத டர்பனில் உங்கள் சமையலறை 25 டிகிரியில் நிற்காது. வேறு கம்பெனி அதே மாதிரி தயாரித்த மருந்தை (பயோசிமிலர்) கொடுத்தால் பெட்டிக்குள் இருக்கும் தாளைப் பார்த்துக்கொள்ளுங்கள், கணக்கு மாறும்.

ஊசி தொடங்கிய பிறகு அந்த 40 பேரை நினைவில் வையுங்கள். இருமலுக்காகக் காத்திருக்காதீர்கள். மாலைக் காய்ச்சல், இரவு வியர்வை, காரணமில்லாமல் எடை குறைவது, கழுத்தில் நெறி கட்டுவது, வயிறு உப்புவது, முதுகெலும்பில் விடாத வலி, எது வந்தாலும் "டிஎன்எஃப் ஊசி போடுகிறேன்" என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.

கடைசியாக, நீங்கள் எழுதாத ஒன்றைக் கேட்கிறேன். உங்கள் மாமனாருக்கு வந்தது சாதாரண காசநோயா, மருந்துக்கு அடங்காத வகையா? 2006-இல் துகேலா ஃபெர்ரியில் பெரும்பாலான மருந்துகளுக்குக் கட்டுப்படாத காசநோய் வெளிப்பட்டதும் நம் குவாசுலு-நடால் மாகாணத்தில்தான். அவருடைய கிருமி ஐசோநயாசிடுக்கும், ரிஃபாபென்டினின் உறவு மருந்தான ரிஃபாம்பிசினுக்கும் அடங்காததாக இருந்திருந்தால், இந்த 12 வார மாத்திரையால் உங்களுக்குப் பயன் இருக்காது, திட்டத்தையே மாற்ற வேண்டும். அவருடைய பழைய மருத்துவமனைச் சீட்டுகள் எங்காவது பெட்டியில் இருக்கும். இல்லாவிட்டாலும் உங்கள் மாமியாருக்குத் தெரியும். எத்தனை மாதம் சிகிச்சை நடந்தது, மாதக்கணக்கில் தினமும் ஊசி போட்டார்களா, காது மந்தமானதா, கிங் ஜார்ஜ் மருத்துவமனையில் மாதக்கணக்கில் படுத்திருந்தாரா என்று பக்கத்தில் உட்கார்ந்து நிதானமாகக் கேளுங்கள். அவர் சொல்வதை ஒரு தாளில் எழுதி, முதல் மாத்திரையைப் போடுவதற்கு முன் உங்கள் டாக்டரிடம் காட்டுங்கள்.